புதருக்குள் ஒரு சமையல்கட்டு

கேள்வி: செந்துறை பக்கம் பாட்டியின் கொல்லை என் பங்குக்கு வந்திருக்கிறது. வருஷக்கணக்காகக் காடாகக் கிடக்கிறது. ஜேசிபி விட்டு வழித்துவிட்டுக் காய்கறி போடலாமா?
– ஒரு வாசகி, அரியலூர்

பதில்: ஜேசிபிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்! முதலில் கீரை தெரிந்த ஒரு பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய் வாருங்கள். வேலியில் முடக்கத்தானோ தூதுவளையோ ஏறியிருக்கலாம். தரையில் மூக்கிரட்டை, மூலையில் பிரண்டை, மணத்தக்காளி. விதைக்கும் முன்பே ரசமும் துவையலும் தயார்! மேல்மண்ணை வழித்தால் இவற்றோடு, இத்தனை வருஷம் இலை விழுந்து மக்கிய உரமும் போய்விடும்.

இரண்டு பேருக்கு மட்டும் இரக்கம் வேண்டாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். சீமைக்கருவேலத்தைத் தூரோடு தோண்டுங்கள். வெறுமனே வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும்.

அரியலூர் சிமெண்ட் ஆலைகளை வாழவைக்கும் சுண்ணாம்பு, மண்ணில் மிகுந்தால் செடிக்கு இரும்புச்சத்தைக் கிட்டவிடாது. குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதைச் சந்தேகியுங்கள். மட்கிய குப்பையைத் தாராளமாகப் போடுங்கள். அவசரத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) கலந்து தெளிக்கலாம்.

முதல் வருஷம் ஒரே பாத்தி போதும். ஆடியில் கத்தரி, வெண்டை, அவரை. தண்ணீர் தேங்காத ஓரத்தில் பெரம்பலூரின் பெருமையான சின்ன வெங்காயம்.

அரியலூர் மாவட்டத்துக்குச் சோழமாதேவியிலும், பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்திலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. அரை கிலோ மண்ணோடு இந்த வாரமே போய்க் கேளுங்கள்.