ஊஞ்சலுக்கு ஒரு பந்தி

நேற்று சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு, எங்கள் பேட்டைப் பூங்காவில், எண்பத்தைந்து கிலோவுக்குக் குறையாத ஒரு மனிதர் குழந்தைகள் ஊஞ்சலில் உட்கார்ந்து வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆடவில்லை. ஆடியிருந்தாலாவது மன்னித்திருப்பேன். செருப்புக் காலால் மணலில் கோடு கிழித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கம்பத்தில் ‘12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு பலகை. அந்தப் பலகையின் முனையில்தான் அவருடைய காய்கறிப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

என் பேத்திக்கு ஐந்து வயது. “தாத்தா, அந்த அங்கிளுக்கு என்ன வயசு?” என்று உரக்கக் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறாளோ என்பதுபோல அவர் என்னை முறைத்தார். (சொல்லிக்கொடுத்ததுதான். அது வேறு விஷயம்.)

“ரெண்டே நிமிஷம் சார்” என்றார். வட்டி எட்டரை சதவீதத்திலிருந்து இறங்குவதாக இல்லை. அவரும்தான்.

இந்த ஊஞ்சல் தகராறுக்கு ஒரு அருமையான யோசனை வைத்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கல்யாணப் பந்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பதில் எனக்கு நாற்பது வருட அனுபவம். சாம்பாரில் இருப்பவர் பின்னால் நிற்பவன் கற்றுக்குட்டி. ரசத்துக்கு வந்தவரைப் பிடிக்க வேண்டும். அதிலும் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பவர் ஆகாது, அவர் இரண்டாம் முறையும் கேட்பார். மோருக்கு வந்துவிட்டாரே என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, தாண்டிப் போய்விட்ட வத்தக்குழம்பைக் கைதட்டிக் கூப்பிடும் ஆசாமிகள் இருக்கிறார்கள். நாற்காலி முதுகில் லேசாகக் கை வைக்கலாம், ஆட்டக் கூடாது. கர்ச்சீப்பைப் போடலாம், அவர் தோள்மேல் படக் கூடாது. முக்கியமாக, அவர் திரும்பிப் பார்த்தால் நாம் மணமேடையைப் பார்க்க வேண்டும். ஒரு முகூர்த்தத்தில் இப்படி ஒருவர் பின்னால் இருபது நிமிஷம் நின்று, அவர் இலையை மடிக்கும் நேரத்தில் பாயசம் இரண்டாவது நடை வந்து, மடித்த இலையை அவர் மறுபடி விரித்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த வித்தை அத்தனையும் ஊஞ்சலுக்கு அப்படியே பொருந்தும். அம்மாவோடு வந்த குழந்தையின் பக்கம் நில்லுங்கள். அம்மாவுக்கு வீட்டில் அடுப்பு காத்திருக்கும், ஆறு மணிக்குள் இறக்கிவிடுவாள். பாட்டியோடு வந்த குழந்தையை நம்பவே கூடாது. பாட்டிக்கு ஏழரை சீரியல் வரை அவசரமே இல்லை. ஷூ போட்ட குழந்தை சீக்கிரம் இறங்கும், மண் உள்ளே போய்விடும். “இதுதான் கடைசி” என்று ஒரு குழந்தை சொன்னால் அது ரசம். “கடைசிக்கும் கடைசி” என்றால்தான் மோர். நூறு எண்ணுவதற்குள் இறங்க வேண்டும் என்று எங்கள் பூங்காவில் ஒரு சட்டம் உண்டு. தொண்ணூற்றெட்டு வரை புல்லட் ரயில் மாதிரி வரும் எண்ணிக்கை, தொண்ணூற்றொன்பதில் சிக்னலுக்கு நின்றுவிடும்.

ஒரே வித்தியாசம், கல்யாண நாற்காலி பின்னால் வந்து நம் முகவாயில் இடிக்காது.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்று ஓர் அரசு ஆணையம் இருக்கிறது. விளையாட்டுத் திடல்களுக்காக அது ஒரு கையேடே போட்டிருக்கிறது. ஊஞ்சல் கட்டிய உயரம் எவ்வளவோ, அதைப்போல இருமடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டுமாம். எட்டடி உயரம் என்றால் பதினாறு அடி. எங்கள் பூங்காவில் அந்தப் பதினாறு அடிக்குள்தான் சிமெண்ட் பெஞ்சு, குழாயடி, அரசியல் பேசும் நான்கு பெரியவர்கள், எட்டு வடிவ நடைபாதையின் ஒரு வளைவு எல்லாம் இருக்கின்றன. லைசென்ஸ் வாங்கும்போது ஒழுங்காக எட்டு போடாதவர்கள்கூட இங்கே வந்து பக்தியோடு போடுகிறார்கள். ஊஞ்சல் பறந்து வந்தாலும் வளைவை விட்டு விலகுவதில்லை. விலகினால் முட்டிவலி போகாதாம்.

சறுக்குமரத்துக்குப் போகலாமே என்பீர்கள். சித்திரை மாதத்தில் நாலு மணிக்கு அந்தத் தகரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தோசை ஊற்றலாம்.

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? 1893இல் அமிர்தாஞ்சனம் ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வரராவ் பெயரில். தைலக்காரர் பெயரைப் பூங்காவுக்கு வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள். நேற்று ராத்திரி நானும் அதைத்தான் தேய்த்துக்கொண்டேன், முகவாயில் அல்ல, இடுப்பில்.

இடுப்பில் எதற்கு என்று கேட்கத்தான் போகிறீர்கள். வட்டிக்காரர் ஒருவழியாக எழுந்தபோது, நாலடியில் ஒரு பாட்டி பேரனோடு வந்துகொண்டிருந்தார். என் பேத்தியோ தூரத்தில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்தாள். இடத்தை விடக் கூடாதே என்று நானே உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வயதுக் குழந்தையின் அகலத்துக்குச் செய்த பலகை அது. உட்கார முடிந்ததே தவிர, எழுந்திருக்க முடியவில்லை.

“ஏன் சார், குழந்தை ஆட வேண்டாமா?” என்றார் பாட்டி.

“ரெண்டே நிமிஷம்மா” என்றேன்.

பேத்தி திரும்பி வந்து, நான் எத்தனை வயதுவரை ஊஞ்சல் ஆடலாம் என்று எல்லோர் முன்னாலும் விசாரித்தாள். பாட்டியின் பேரன் என் பின்னால் நின்று எண்ண ஆரம்பித்தான். தொண்ணூற்றொன்பதில் அவன் நிற்கவே இல்லை.

யோசனையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மணி மூன்றே முக்கால் ஆகிவிட்டது. நாலு மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள். பேத்தி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். என் துண்டைத்தான் காணவில்லை. ஊஞ்சலில் போட ஒரு துண்டாவது வேண்டாமா?