கோடை விடுமுறைக்குள் ஆங்கிலம்: கைமேல் பலன் தரும் வழிகாட்டி

பரீட்சை முடிந்தது. பேனாவை மூடும் முன் இலக்கை எழுதிவிடுங்கள்.

1. இலக்கைப் பெரிதாக எழுதுங்கள். "கஸ்டமர் கேருக்கு போன் போட்டு நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசுவேன்" என்பதெல்லாம் ஓர் இலக்கா? மூன்றே நாளில் முடிந்துவிடும். மீதி விடுமுறைக்கு என்ன செய்வீர்கள்? "சரளமாகப் பேசுவேன்" என்று எழுதுங்கள். யாரிடம், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் ஜூன் மாதம் யாராவது சரிபார்ப்பார்கள்.

2. மணிக்கணக்குப் பார்க்காதீர்கள். ஏ2 என்னும் தொடக்க நிலையிலிருந்து பி1 என்னும் இடைநிலைக்கு ஏற, ஆசிரியர் துணையோடு ஏறக்குறைய 200 மணி நேரம் படிக்க வேண்டும் என்கிறது கேம்பிரிட்ஜ். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஏப்ரல் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை இழுக்கும். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நாம் வாங்கும் புத்தகத்தின் அட்டையில் 30 நாள் என்று போட்டிருக்கிறதே!

3. ஆகவே புத்தகம் வாங்குங்கள். ஒன்று போதாது. இலக்கணத்துக்கு ரென் அண்ட் மார்ட்டின், சொல்வளத்துக்கு நார்மன் லூயிஸ் 1949-ல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. லூயிஸில் மனிதர்களின் குணவகைகளைச் சொல்லும் பாடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லோரும் அங்கேதான் நிறுத்தியிருக்கிறார்கள். மனித குலத்தையே வெறுப்பவனுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். குழாய் ஒழுகுகிறது, ஆளனுப்புங்கள் என்று சொல்லத் தெரியாது. பரவாயில்லை, ஒரு வாளி வையுங்கள்.

4. தினமும் 'தி இந்து' தலையங்கம். தெரியாத சொல்லுக்கெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, நோட்டில் அர்த்தம் எழுதுங்கள். நோட்டைத் திரும்பத் திறக்காதீர்கள், எழுதியது கலைந்துவிடும்.

5. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும். கத்திரியில் யாராவது புதுக்காரியம் ஆரம்பிப்பார்களா? அது முடியும்போது மே மாதமும் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். பெரியவர்கள் காரணமில்லாமல் எதையும் சொல்லவில்லை.

6. வாயைத் திறக்காதீர்கள். இலக்கணம் முழுதும் முடிந்த பிறகுதான் பேச்சு. அதுவரை பேசுகிறவர்களைத் திருத்துங்கள். எதிர்வீட்டுக்காரர் "ஐ டிட் நாட் வென்ட்" என்றால் விடாதீர்கள், நாலு பேர் முன்னிலையில் பிடியுங்கள். அந்த ஆங்கிலத்தை வைத்தே அவர் டெல்லி வரை போய், சரக்குக்கு விலை பேசி, வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பியிருப்பார். அது வியாபாரம். நாம் மொழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

7. இதுதான் முக்கியம்: வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் என்று சட்டம் போடுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் துளை போட்டு உண்டியலாக்குங்கள். தமிழில் பேசினால் வாக்கியத்துக்கு ஐந்து ரூபாய். முதல் நாள், "கம், சாப்பிடு", "டோன்ட் டச், சுடும்" என்று வீடு கலகலக்கும். பாதித் தமிழுக்கும் முழு அபராதம் வாங்குங்கள். இரண்டாம் நாள் பையன் சைகையில் சட்னி கேட்பான். மூன்றாம் நாள் மாடியில் இருப்பவர் கீழே இருப்பவருக்கு வாட்ஸ்அப் அனுப்புவார், தமிழில். எழுத்துக்கு அபராதம் உண்டா இல்லையா என்ற வழக்கை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். விளம்பர இடைவேளையில்கூட ஒருவரும் பேசாத வீடு உங்கள் தெருவிலேயே உங்களுடையதுதான். இவ்வளவு ஒழுக்கத்தை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தரும்?

பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் உண்டியலை அவரிடம் கொடுத்திருப்பீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். நாலாம் நாள் நீங்கள் மறந்துபோய், "கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்பீர்கள். பாட்டி பாட்டிலை நீட்டி, "யூ டமில் டாக். ஃபைவ் ருபீஸ் கிவ்" என்பார். கூச்சமே இருக்காது. தப்பாகிவிடுமோ என்ற பயமும் இருக்காது. அபராதம் வசூலாகிற ருசியில், மறுநாள் பால்காரரிடமும் ஆங்கிலத்தில் கணக்குக் கேட்பார்.

தாமதிக்காதீர்கள். ஆறாம் விதியைக் கையிலெடுங்கள். அவரை உட்காரவைத்து, வினைச்சொல் எங்கே வர வேண்டும், 'டாக்' ஏன் அங்கே தப்பு என்று ரென் அண்ட் மார்ட்டினைப் பிரித்து விளக்குங்கள். மற்றவர்களும் சுற்றி நின்று சிரிக்கட்டும். மறுநாள் காலையிலிருந்து அவரும் பேசமாட்டார்.