முழுத் திருப்தி

நான்கு வருஷம் படித்த பொறியியலில் உருப்படியாக ஒன்றும் நினைவில்லை. செமஸ்டர் முறையில் நான் அடைந்த திருப்தி மட்டும் அரசாங்கப் பதிவில் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பு, 2017இல் திருத்திய முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தது. 21 கேள்விகள். பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் வகுப்பில் நடத்தினார்கள் என்பது முதல் கேள்வி. 85 முதல் 100 என்று தட்டினேன். நடத்தியிருப்பார்கள், நான்தான் அங்கே இல்லை. ஆசிரியர்கள் எந்த அளவுக்குத் தயாராகி வந்தார்கள் என்பது அடுத்தது. நல்லவேளை, மாணவனைப் பற்றி அப்படிக் கேட்கவில்லை.

நான் படித்தது சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி. 2019 பேட்டர்ன்: நடுவில் 30 மார்க்குக்கு இன்-செம், முடிவில் 70க்கு எண்ட்-செம். வருஷக் கடைசியில் மட்டும் விழித்துக்கொள்ளும் பிள்ளைகளைத் திருத்தத்தான் செமஸ்டர் வந்தது என்பார்கள். நான் வருஷத்துக்கு நான்கு தடவை விழித்துக்கொண்டேன், அவ்வளவுதான். இதில் ஒரு சலுகையும் உண்டு. முதல் இரண்டு யூனிட் இன்-செம்மோடு சரி. அன்று மதியமே சட்டப்படி மறந்துவிடலாம். இரண்டாவது புரியாமல் ஐந்தாவது புரியாது என்பது எண்ட்-செம்முக்கு முந்தின ராத்திரிதான் தெரியவரும்.

மழைக்கால செமஸ்டரில் படிப்பதற்குப் புனே தோதான ஊர் அல்ல. கணபதி வருவதற்கு வெகு முன்பே முட்டா ஆற்றங்கரையில் டோல்-தாஷா ஒத்திகை ஆரம்பித்துவிடும். டோலை இடுப்பில் இறுகக் கட்டி, ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் உள்ளங்கையாலும் அடிக்க வேண்டும். பஜனையிலேயே தாளம் தப்பும் எனக்கு இது எதற்கு? சேர்ந்தேன். விசர்ஜன ஊர்வலத்தன்று தண்ணீர் பாட்டில் தூக்கும் பொறுப்பைத் தந்தார்கள். கை கொப்பளித்ததால்தான் இன்-செம்மில் எழுத முடியவில்லை என்று போனில் சொன்னதற்கு, "கொட்டடிக்கவாடா அவ்வளவு தூரம் போனே?" என்றாள் அம்மா. கை நன்றாகத்தான் இருந்தது. எழுதத்தான் விஷயம் இல்லை.

அடுத்து, புத்தகக் கடைகள் நிறைந்த அப்பா பல்வந்த் சௌக். பழைய கேள்விகளை விடையோடு அச்சடித்த புத்தகங்கள் அங்கே மலிவு. நான் இன்னும் சிக்கனம் பார்த்து ஒரு சீனியரிடம் வாங்கி, அவர் கோடு போட்டிருந்த பக்கங்களை மட்டும் படித்தேன். அவரே அந்தப் பேப்பரில் பேக்லாக் என்பது ரிசல்ட் வந்த பிறகு தெரிந்தது. இருவரையும் ஏ.டி.கே.டி. காப்பாற்றியது: போன பேப்பரைச் சுமந்துகொண்டே அடுத்த வருஷத்துக்குள் நுழையலாம். இவ்வளவு பெருந்தன்மையான ஏற்பாட்டுக்கு நான் எப்படிக் குறைந்த மார்க் போடுவேன்?

கணக்கெடுப்பின் கடைசிக் கேள்விக்குச் சொந்தமாக எழுத வேண்டும்: கற்பித்தலை மேம்படுத்த மூன்று யோசனைகள். கேன்டீனில் இன்னொரு கவுன்டர், ஜெராக்ஸ் கடை ராத்திரியும் திறந்திருக்க வேண்டும் என்று இரண்டு எழுதினேன். மூன்றாவதை ரூம்மேட்டைப் பார்த்து எழுதினேன்.