ஞாயிற்றுக்கிழமை நடத்தும் பாடம்

கேள்வி: ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர்கள், பட்டத்தைத் தவிர வேறென்ன கற்கிறார்கள்?

பதில்: முதல் பாடத்தை நடத்துவது பேராசிரியர் அல்ல, ஞாயிற்றுக்கிழமை! அன்று பெரும்பாலான கடைகளுக்குப் பூட்டு. சனிக்கிழமையே அரிசியும் பாலும் வாங்காதவர்களுக்கு மறுநாள் பட்டினித் தேர்வு.

அடுத்த ஆசிரியர், காலி பாட்டில். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். கடையிலுள்ள இயந்திரத்தில் திருப்பிப் போட்டால்தான் அந்தக் காசு கைக்கு வரும். குப்பையையும் காகிதம், கண்ணாடி, உணவுக்கழிவு என்று பிரித்தே போட வேண்டும்.

சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வளர்ந்த பிள்ளைகள் அங்கே சமைத்து, பாத்திரம் தேய்த்து, பகுதிநேர வேலைக்கும் ஓடுகிறார்கள். அந்த வேலைக்கும் வரம்புண்டு: இந்திய மாணவர்களுக்கு 2024 முதல் ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். கிளம்புமுன் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதப் பயிற்சி எடுத்தால் முதல் செமஸ்டர் சுலபமாகும்.