தடுப்பவருக்கும் பாதை உண்டு

கேள்வி: கல்லூரி கால்பந்து அணியில் டிஃபென்டராக ஆடினேன். இப்போது அதே அணியின் தடுப்பாட்டத்துக்குத் துணைப் பயிற்சியாளர். ஷூ கம்பெனி வேலைதான் சோறு போடுகிறது. இந்தப் பாதை எங்கே போகும்?
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: கோல் அடித்தவனை ஊரே தோளில் தூக்கும், கோலைத் தடுத்தவன் தோளில் துண்டுதான் கிடக்கும். ஆனாலும் பாதை இந்திய அணி வரை போகிறது!

காலித் ஜமீலைப் பாருங்கள். 2016-17-இல் ஐஸ்வால் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அதன்பின் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் துணைப் பயிற்சியாளராக உட்காரக் கூச்சப்படவில்லை. 2021-இல் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது பொறுப்பேற்று, ஐ.எஸ்.எல். அரையிறுதிக்குக் கொண்டுபோனார். 2025-இல் இந்திய அணிக்கே பயிற்சியாளர். நம் சபீர் பாஷாவும் சென்னையின் எஃப்.சி.யில் பல ஆண்டுகள் துணையாக இருந்து, 2022-இல் தற்காலிகத் தலைமை ஏற்றவர்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில், அவர்கள் பாணிக் கால்பந்துக்கு, தடுப்பாட்டப் பயிற்சியாளர் என்றே சம்பளப் பதவி உண்டு. இங்கே கல்லூரியில் நிலையான நாற்காலி உடற்கல்வி இயக்குநருடையது. அதற்கு உடற்கல்விப் பட்டங்களும், அவற்றோடு நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். அந்தப் பட்டங்களுக்கு 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறதே! கிளப் பக்கம் போவதானால் பயிற்சியாளர் உரிமங்களில் டி-யில் தொடங்கி சி, பி, ஏ, புரோ என்று ஏறுங்கள்.

சி உரிமம் கைக்கு வரும்வரை கம்பெனி வேலையை விடாதீர்கள். பச்சைத் தோல் பூட்ஸ் ஆவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்று தினமும் பார்ப்பவருக்கு நான் பொறுமை சொல்லித்தர வேண்டுமா? டி உரிம வகுப்புக்கு இந்த வருடமே பெயர் கொடுங்கள்.