கொடியியல்: அலவத்துகொடயை முன்வைத்துச் சில முதற்கட்ட முடிவுகள்

வீட்டுக்கு வெளியே இரண்டு சுவர்களுக்கு நடுவில் எதை இழுத்துக் கட்டினாலும் அதற்குக் கொடி என்று பெயர். அகராதிகள் இந்த வரையறையை ஏற்காமல் போகலாம். எங்கள் மாமி ஏற்பார். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் அக்குறணையைத் தாண்டி மாத்தளைப் பக்கம் போகும்போது வரும் அலவத்துகொடயில், எங்கள் வீட்டையும் பின்வளவில் மச்சான் படிக்கும் தனி அறையையும் இணைத்து ஒரு சனிக்கிழமை மாலை நான் நெட்வேர்க் கேபிள் ஒன்றை இழுத்துக் கட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதில் ஒரு சாரமும் இரண்டு துவாயும் காய்ந்துகொண்டிருந்தன. இந்த ஆய்வு அந்தச் சாரத்தின் அடியிலிருந்து தொடங்குகிறது.

முதலில் சொல்லாராய்ச்சி. பிறக்கும்போது தொப்புள்கொடி, தவழும்போது அரைஞாண்கொடி, கலியாணத்தில் தாலிக்கொடி. கோயிலில் ஏறுவது ஒன்று, கச்சேரி வாசலில் பறப்பது இன்னொன்று. பலா மரத்தில் படர்ந்திருக்கும் மிளகும் கொடிதான். மூன்றாம் மாதம் அது மரத்தை விட்டு என் கேபிளுக்குத் தாவியது தனிக்கதை. ஊர்ப் பெயரின் ஈற்றிலுள்ள ‘கொட’வும் இதே சொல்தான் என்று நிறுவிவிடலாமா என்று ஒரு சபலம் தட்டியது. அது சிங்களத்தில் மேட்டு நிலத்தைக் குறிக்கும் சொல் என்று தெரிந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன். எல்லா ஆய்வாளர்களுக்கும் இந்த அடக்கம் வாய்ப்பதில்லை. மேற்சொன்ன கொடிகளில் எதுவும் நனைந்தால் வேலையை நிறுத்துவதில்லை. நெட்வேர்க் கேபிள் நிறுத்தும். கொடிக் குடும்பத்தின் நோஞ்சான் பிள்ளை அது.

அறைக்குத் தேவைப்பட்டது 38 மீற்றர். நான் வாங்கி வந்தது 30. அளந்துவிட்டு வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை போதாது; அப்படி வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இரண்டு கருவிகளுக்கு நடுவில் செப்புக் கேபிள் 100 மீற்றர் வரை போகலாம், அதில் 90 சுவரோடு நிற்பது, 10 இரு முனைகளிலும் ஆடுவது என்று தர விதிகள் சொல்கின்றன. ஆகவே 30ஓடு 8ஐ ஒட்டுவதில் விதிக்கு மனத்தாங்கல் இல்லை. மனத்தாங்கல் மழைக்குத்தான்.

கேபிளின் தோலை உரித்தால் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகள். செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என்று ஒவ்வொரு சோடியும் தனித்தனியாக முறுக்கிக்கொண்டிருக்கும். தொலைபேசிக் கம்பிகளை இப்படிச் சோடி சோடியாக முறுக்கும் யோசனைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் பூச்சியம். மாமியின் பேச்சு கணவன், மனைவி இருவர் காதிலும் சம அளவில் விழும் வீடுகளில் சண்டை வராததற்கும் இதே கணக்குத்தான். ஒட்டுப் போடும்போது இந்த முறுக்கை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு குறைவாக அவிழ்க்கிறோமோ அவ்வளவு நல்லது. கம்பிகளை வரிசைப்படுத்துவதில் இரண்டு மரபுகள் உண்டு: ஒன்றில் பச்சை முன்னால், மற்றதில் செம்மஞ்சள் முன்னால். வடகலை, தென்கலை போல இரண்டும் சரி. ஒரு கேபிளின் இரு முனைகளும் ஒரே கலையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

இனி ஒட்டை நனையாமல் காப்பது. ஏ9 வீதியோரம் கூரைகளையும் தூண்களையும் அண்ணாந்து பார்த்தபடி நடந்ததில் மூன்று சிந்தனைப் பள்ளிகள் தென்பட்டன. மூத்தது ஷொப்பின் பேக் பள்ளி: ஒட்டின் மேல் பையைச் சுற்றி, ரப்பர் பாண்ட் போட்டு, கடவுளிடம் ஒப்படைப்பது. இரண்டாவது போத்தல் பள்ளி. சோடாப் போத்தலைப் பாதியாக வெட்டி ஒட்டின் மேல் தொப்பியாகக் கவிழ்ப்பார்கள். ஏழைக் கிளையினர் யோகட் கோப்பையைக் கவிழ்ப்பார்கள். மூன்றாவது டேப் பள்ளி. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டு பூசணிக்காய் அளவுக்கு வரும்வரை சுற்றிக்கொண்டே போவது. நான் மூன்றாவதில் பயின்றவன். அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வெயில் பட்டால் பசை இளகி டேப் நழுவும், உள்ளே ஈரம் புகும், புகுந்த ஈரம் வெளியேற வழி தெரியாமல் அங்கேயே குடித்தனம் நடத்தும். தொப்பிப் பள்ளியை நான் முதலில் இகழ்ந்தேன். அதன் அடி திறந்திருப்பதுதான் அதன் ஞானம் என்று பிறகு புரிந்தது.

இந்தக் கவலை எனக்கு மட்டும் வந்ததல்ல. இலங்கையின் முதல் தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் போடப்பட்டது. அதே ஆண்டில் அத்திலாந்திக் கடலடியில் ஒரு கேபிள் போட்டார்கள்; மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாதான் அதற்கு மழைச்சட்டை. விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்து அதில் போய்ச் சேரப் பதினாறு மணித்தியாலம் பிடித்தது. கேபிள் ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஊமையானது. மச்சானின் வகுப்பு அறுந்தபோதெல்லாம் அவனிடம் இந்த வரலாற்றைச் சொன்னேன். அவன் ஆறுதல் அடையவில்லை. அடுத்து ரப்பர். 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடயில் பிரேசில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இன்றைக்கு ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைச் செயற்கை ரப்பரில்தான் செய்கிறார்கள் என்றாலும், இந்த நாட்டில் அதை வாங்கும் கைக்கு ஓர் உரிமையுணர்வு வரத்தான் செய்கிறது. அதில் பசை கிடையாது. நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முன்சுற்றின் பாதியை மூடும்படி சுற்றினால் சற்று நேரத்தில் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். மேலே சாதாரண டேப் ஒரு சுற்று, வெயிலுக்காக.

சுற்றினேன். மார்கழி மழை முழுவதையும் ஒட்டு தாங்கியது. மழையே இல்லாத பெப்ரவரியில் லைன் விழுந்தது.

என் ஆய்வுவாழ்வின் பெரிய அதிர்ச்சி இது. முழுதாக அறுபடவுமில்லை, செக்கனுக்கு 1000 மெகாபிட்டில் ஓடியது 100க்கு இறங்கியது. ஆயிரத்துக்கு நான்கு சோடியும் உழைக்க வேண்டும், நூறுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் போதும். அதாவது நீலமோ கபிலமோ படுத்துவிட்டது. பௌதிகத்தில் சார் அனுமதித்திறன் என்றொரு எண் வரும். கம்பியைப் போர்த்திய பொலித்தீனுக்கு அது 2.3 அளவில், தண்ணீருக்கு 80 அளவில். சோடிகளுக்கு நடுவில் கொஞ்சம் நீர் புகுந்தாலும் போதும், சமிக்ஞை நிலைகுலைந்துவிடும். ஆனால் பெப்ரவரியில் நீர் ஏது? இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதினேன். லைன் விழுந்தது ஞாயிறு, புதன் காலைகளில் மட்டும். ஞாயிறும் புதனும் மாமி துணி துவைக்கும் நாட்கள்.

ஹாட்வெயார் கடை நானாவிடம் போய் மழைக்காப்பின் தோல்வி பற்றி விரிவாக எடுத்துரைத்தேன். ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டார்.

“தண்ணி மேலால வாறல்ல தம்பி. வயரப் புடிச்சிக்கிட்டுத்தான் வாற.”

ஒரே வரி. என் கேபிள் வீட்டுக் கூரையிலிருந்து அறைச் சுவருக்குச் சரிவாக இறங்குகிறது. ஒட்டு அந்தச் சரிவின் முடிவில். சாரத்திலிருந்து வடிந்த நீர் கேபிளின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஒட்டின் வாய்க்குள் போயிருக்கிறது. மருந்தும் அவரே சொன்னார்: ஒட்டுக்கு ஒரு சாண் முன்னால் கேபிளைத் தாழத் தொங்கவிட்டு வளைத்து, மறுபடி மேலே ஏற்றி, ஒட்டை மூடும் ஒரு பெட்டிக்குள் அடிப்பக்கமாக நுழைப்பது. நீர் வளைவின் அடியிலேயே சொட்டிப் போய்விடும். பெட்டியின் அடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை. உள்ளே ஆவி தங்கினால் அந்த வழியாக இறங்கட்டும் என்றார்.

வெளிக்கேபிள் கறுப்பாக இருக்க வேண்டும், கறுப்புத் தோலில் கலந்த கரி வெயிலைத் தடுக்கும், வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறத் தோல் வெளியே நாளடைவில் வெடிக்கும் என்பதும் அன்று கேள்விப்பட்டதே. பங்குனி, சித்திரை, ஐப்பசி, கார்த்திகைப் பின்னேரங்களில் இடி முழங்குமுன் இரு முனைகளையும் கழற்றி வைக்கிறேன். இரண்டு கட்டடங்களை இணைக்கும் செம்புக்கு மின்னலோடு உறவு அதிகம். கண்ணாடி இழைக் கேபிளுக்கு அந்த உறவு இல்லை. காசு வந்தால் பார்க்கலாம்.

இந்த வலையமைப்புக்கு ‘ஈதர்நெட்’ என்று 1973இல் பெயர் வைத்தவர் ரொபர்ட் மெட்காஃப். ஒளி நீந்திச் செல்வதாக ஒருகாலத்தில் நம்பப்பட்ட ஈதரை நினைத்து வைத்தார். அந்த ஈதரைத் தேடிய மைக்கேல்சனும் மோர்லியும் 1887இலேயே வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். இல்லாத ஒன்றின் பெயரைத் தாங்கிய கேபிளில் இருக்கிற துணிகள் எல்லாம் தொங்குகின்றன.

மாமிக்கென்று பக்கத்திலேயே ஒரு நைலோன் கயிறு கட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் பார்த்தார்.

“அது ஆடுது தம்பி. இதுதான் நல்ல இறுக்கமா இருக்கு.”

வளைவின் அடியில், சொட்டு விழும் இடம் பார்த்து, ஒரு பழைய பெயின்ட் வாளியில் கொச்சிக்காய்ச் செடி வைத்திருக்கிறார். போன வாரம் பூத்தது.