ஐநூறைத் தாண்டாதே, தம்பி

வா தம்பி, உக்காரு. மந்தைவெளி பஸ் டிப்போவுல இருந்து மார்க்கெட் வரைக்கும் சேதி பரவியாச்சு. உன்னைச் சங்கீத சபாவுக்குப் பொருளாளரா ஆக்கிட்டாங்களாமே! உங்க அம்மா சந்தோஷத்துல கேசரி கிண்டினாங்களாம். பாவம், விவரம் தெரியாதவங்க.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடியானவன். எனக்கு ராகம் தெரியாது, கணக்குத் தெரியும். ஊர்ல மாரியம்மன் திருவிழா நோட்டு எங்கிட்டதான் ரொம்ப வருஷம் இருந்துச்சு. அந்தத் தெம்புல நாலு வார்த்தை சொல்றேன். கேக்காட்டியும் பரவாயில்ல, தலையை மட்டும் ஆட்டு. கமிட்டியில அதானே பண்ணப் போறே, இங்கயே பழகிக்க.

முதல் காரியம், டிக்கெட் விலையை 500 ரூபாய்க்கு மேல ஏத்தாதே. கலைமேல உள்ள கருணைன்னு வெளியில சொல்லிக்க. உள்ளுக்குள்ள விஷயம் வேற: கச்சேரி, நாட்டியம், நாடகத்துக்கு ஆளுக்கு 500 வரைக்கும் ஜிஎஸ்டி கிடையாது, ஒரு ரூபாய் தாண்டினா வரி ஒட்டிக்கும். அதே மாதிரி சாஸ்திரிய சங்கீத வித்வானுக்கு ஒரு கச்சேரிக்கு ஒண்ணரை லட்சம் வரைக்கும் சம்பாவனை போனா அதுக்கும் ஜிஎஸ்டி இல்ல. நம்ம பக்கத்துல ஒண்ணரை லட்சம் வாங்குறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். மிச்சப் பேருக்கு இந்தச் சலுகை இருக்குன்னே தெரியாது. தெரிஞ்சுதான் என்ன ஆகப்போகுது, வானத்துல நட்சத்திரம் இருக்குன்னு தெரிஞ்ச மாதிரி.

டிக்கெட்ட நம்பி சபா நடத்தலாம்னு யாராவது சொன்னா, அவருக்கு மோர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடு. என் பேத்தி எகனாமிக்ஸ் படிக்கிறா. அவ சொன்னா: 1966லயே பாமோல், போவன்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியருங்க இதைப் புத்தகமாவே எழுதிட்டாங்களாம். மில்லுல போன தலைமுறையில பத்துப் பேர் நெய்த துணியை இப்ப ஒருத்தர் நெய்யறார், அதனால கூலி ஏறினாலும் துணி தாங்குது. நாலு பேர் சேந்து வாசிக்கிற மேல்நாட்டு வாத்தியக் கச்சேரிக்கு பீத்தோவன் காலத்துலயும் நாலு பேர், இப்பவும் நாலு பேர். நேரமும் குறையல, ஆளும் குறையல, கூலி மட்டும் ஊரோட சேந்து ஏறுது. அதனால கலை நிலையம்னா என்னைக்கும் துண்டு விழும், வெளியில இருந்து யாராவது போட்டாத்தான் நிக்கும். ‘உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாது’ன்னு எங்க பாட்டன் சொன்னதை அவுங்க பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க போல. வித்வானை ரெண்டு மடங்கு வேகமா வர்ணம் பாடச் சொல்லி மிச்சம் பிடிக்க முடியுமா? சொன்னா சில பேர் பாடிடுவாங்க, அது வேற விஷயம்.

ஆனா ஒரு காலத்துல மெம்பர் சந்தாவே கை கொடுத்துச்சு. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு நாடகம், குடும்பத்தோட வரலாம். ஒய்.ஜி. பார்த்தசாரதியோட யுஏஏ நாடகக் குழு, சோ, அப்புறம் எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன்னு சபாக்காரனுக்கு நாடகம்தான் சோறு போட்டுச்சு, சங்கீதம் ஊறுகாய். 1975 ஆகஸ்ட்ல மெட்ராஸ் தூர்தர்ஷன் வந்துச்சு. அப்புறம் மெல்ல மெல்ல ஜனம் வீட்டு வரவேற்பறையிலயே உக்காந்துடுச்சு. சந்தாவும் அங்கயே உக்காந்துடுச்சு.

பெரிய இடத்தைப் பார்த்து ஏங்காதே. 1927 டிசம்பர்ல இங்க காங்கிரஸ் மாநாடு கூடினப்ப பக்கத்துலயே ஒரு சங்கீத மாநாடும் நடந்துச்சு. அந்தப் பேச்சுல முளைச்சதுதான் 1928ல மியூசிக் அகாடமி ஆச்சு. ரொம்ப வருஷம் பந்தலும் இரவல் மண்டபமுமா ஓட்டினாங்க. 1955ல நேரு அடிக்கல் நாட்டி, 1962லதான் மண்டபம் திறந்துச்சு. அவ்வளவு பெரிய மனுஷங்க கூடின இடத்துக்கே ஏழு வருஷம். உன் சபாவுக்குச் சொந்த மண்டபமே இல்ல. சீசனுக்கு அடுத்தவன் மண்டபத்துக்கு வாடகை கொடுத்தே உனக்குப் பாதி உசிரு போயிடும். வருத்தப்படாதே, மண்டபம் இருக்கிறவன் லிப்ட்டு, ஏசி, கரண்ட்டு பில்லுன்னு மீதிப் பாதி உசிரையும் விடுறான்.

அப்ப காசு எங்கிருந்து வரும்? ஸ்பான்சர்! 2013 கம்பெனிச் சட்டம் உனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கு. ஒரு அளவுக்கு மேல லாபம் காட்டுற கம்பெனி மூணு வருஷச் சராசரி லாபத்துல ரெண்டு சதவீதம் சமூகத்துக்குச் செலவழிக்கணும். அந்தப் பட்டியல்ல கலையும் பண்பாடும் இருக்கு. கம்பெனித் தலைவர் வீட்டுக்குப் பூங்கொத்தோட போ. அவரு சின்ன வயசுல மிருதங்கம் கத்துக்கிட்டாரான்னு விசாரி. கத்துக்கலைன்னாலும் கத்துக்கிட்ட மாதிரி முகத்துல ஒரு சாயல் இருக்குன்னு சொல்லு.

ஆனா உஷார். கம்பெனி சரக்கு விக்கறதுக்காகப் பேனர் கட்டிக் காசு கொடுத்தா அது விளம்பரச் செலவு, அந்த ரெண்டு சதவீதத்துல சேராதுன்னு விதியே இருக்கு. ரெண்டு உண்டியலையும் கலந்துடாதே. மேடைக்குப் பின்னாடி பேனரைப் பார்த்தேன்னா தெரியும்: வித்வான் பேரு ஒரு சாண், நகைக்கடை பேரு ஒரு முழம். தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கற நேரத்துல ஜனம் கேண்டீனுக்கு எழுந்திருக்கும், அதுக்கு முன்னாடியே நன்றியுரையைச் சொருகிடு. இல்லாட்டி நாற்காலிக்குத்தான் நன்றி சொல்லணும்.

தனி ஆள் கொடுக்கிற நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை ரசீது கொடு. ரொக்கமா 2,000க்கு மேல வாங்கினா கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மடியில இருந்து பணக்கட்டை எடுத்து நீட்டுற பெரியவரை வங்கிப் பக்கம் மெதுவாத் திருப்பிவிடு.

இப்ப உன் வயித்தைக் கலக்கப்போற சமாச்சாரத்துக்கு வரேன்: அறக்கட்டளை நிதி. உன் சபா பீரோவைத் திற, ஒரு பெரிய நோட்டு இருக்கும். ‘தாயார் நினைவாகச் சிறந்த பல்லவிக்குப் பரிசு’, ‘தகப்பனார் நினைவாக ஒரு கச்சேரி’ன்னு வரிசையா எழுதியிருக்கும். அந்தக் காலத்துல பத்தாயிரம் ரூபாய் பெரிய பணம். வங்கியில டெபாசிட் போட்டாங்க, வட்டி பத்து சதவீதத்துக்கு மேல வந்தப்ப வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கிடைச்சுது. அதுல பரிசும் கொடுத்து, மாலையும் வாங்கி, காபியும் வாங்கிக் கொடுத்தாங்க. இன்னைக்கு ஏழு சதவீதம்னு வெச்சுக்கோ, 700 ரூபாய் வரும். பொன்னாடை ஒண்ணு வாங்க முடியுமா? ஆனா பேரை எடுக்க முடியாது, தம்பி. அசலைத் தொடவும் முடியாது, கச்சேரியை நிறுத்தவும் முடியாது. கொடுத்தவரோட பேரன் அமெரிக்காவுல இருந்து டிசம்பர்ல கரெக்டா வந்து முதல் வரிசையில உக்காந்து, தாத்தா பேரைச் சரியா உச்சரிக்கிறாங்களான்னு பார்ப்பான். அவன்கிட்ட ‘நிதியைக் கொஞ்சம் பெருக்கிக் கொடுங்க’ன்னு கேக்கற தைரியம் எந்தப் பொருளாளருக்கும் வந்ததா நான் பாக்கல. வந்தா எங்கிட்டச் சொல்லு, நானும் கூட வந்து வேடிக்கை பாக்கறேன்.

பேரு விஷயம்னா சாதாரணமா நினைக்காதே. அகாடமியில சங்கீத கலாநிதிக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி பேர்ல ‘தி இந்து’ குழுமம் கொடுக்கிற ரொக்கப் பரிசு ஒரு லட்சம். அதை யாருக்குக் கொடுக்கலாம்னு 2024ல வழக்கு உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஏறிடுச்சு. எங்க ஊர்ல ஒரு லட்சம் செலவழிச்சுதான் கேஸ் போடுவாங்க, இங்க ஒரு லட்சத்துக்காகக் கேஸ்.

காசு போட்டவன் பாட்டையும் கேப்பான், அது புதுசு இல்ல. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ல பாடுங்கன்னு சொல்லிப் பணத்தை இறக்கினார். 1943ல தமிழ் இசைச் சங்கம் வந்துச்சு. தமிழ்ப் பாட்டுன்னா கடைசியில துக்கடாவாப் பாடிக்கலாம்னு இருந்தவங்கள்லாம் கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தாங்க. அவரைக் குத்தம் சொல்லல, எனக்குப் புரியற பாட்டைக் கேட்டவர் ஆச்சே. அந்தப் பக்கம் ருக்மிணி தேவி 1936ல தொடங்கின கலாக்ஷேத்ரா, நாட்டியத்தோட தறியையும் போட்டுக் கரை வெச்ச சேலையை வித்துச்சு. 1993ல பாராளுமன்றமே சட்டம் போட்டு அதைத் தேசிய நிறுவனமா எடுத்துக்கிச்சு. டெல்லி பணம் வந்தா டெல்லி தணிக்கையும் வரும், அது அவுங்க பாடு. உனக்குத் தறி வைக்க இடமில்ல. கேண்டீனை நல்லாக் குத்தகைக்கு விடு, அது போதும். வாழைப்பூ வடைக்காக வந்து, வந்த பாவத்துக்கு ஒரு கீர்த்தனை கேட்டுட்டுப் போறவங்க மயிலாப்பூர்ல நிறையப் பேர். நான் உள்பட.

கடைசியா என் திருவிழா நோட்டுக்கு வரேன். எங்க ஊர்ல திருவிழா முடிஞ்சு எட்டாம் நாள் கோயில் வாசல்ல கணக்கு வாசிப்போம். தலைக்கட்டு வரி யாரு கொடுத்தா, யாரு பாக்கி. நாயனக்காரருக்கு எவ்வளவு, தவிலுக்கு எவ்வளவு, ஒத்து ஊதினவருக்கு எவ்வளவு, பெட்ரோமாக்ஸ் தூக்கினவனுக்கு எவ்வளவு. மைக்குலயே படிப்பேன். ஒரு தடவை ‘நாயனக்காரருக்குத் தேங்காய்’னு எழுதியிருந்தேன், ‘எத்தனை தேங்காய்?’னு ஒரு கிழவி நடுச் சபையில கேட்டா. அவ கொடுத்த வரி பத்து ரூபாய்.

உன் சபாவுல? பதிவுச் சட்டப்படி வருஷா வருஷம் பொதுக்குழுவுல கணக்கு வைக்கணும், ஆடிட்டர் கையெழுத்து, பதிவாளருக்கு நகல், எல்லாம் ஒழுங்கா நடக்கும். சமோசா வர்றதுக்குள்ள ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ன்னு கைதட்டிடுவாங்க. அதுல ‘கலைஞர்கள் சம்பாவனை’ன்னு ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள்ள முன்னணிப் பாடகரும் இருப்பார், கடம் வாசிச்சவரும் இருப்பார், மத்தியானம் பன்னெண்டு மணிக்கு இலவசக் கச்சேரி பாடிட்டு ஆட்டோவுக்குக் கைக்காசு போட்ட சின்னப் பொண்ணும் இருப்பா. யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுது. மண்டப வாடகையையும் பேனர் அடிச்ச செலவையும் பக்கத்துலயே போடு. அப்புறம் அதை நுழைவாயில்ல, டிக்கெட் விலைப் பலகைக்குக் கீழ ஒட்டு. ஒரே வருஷத்துல உன்னை மாத்திடுவாங்க, உங்க அம்மாவுக்கும் நிம்மதி.

பத்து ரூபாய் கொடுத்தவ தேங்காயைக் கேட்டா. உன் சபாவுல காசு வர்ற பக்கத்துல ரசிகர் பங்கு எவ்வளவுன்னு பாரு, அப்பத் தெரியும் ஏன் ஒருத்தரும் கேள்வி கேக்கலைன்னு. என்னையே எடுத்துக்க. இலவச மத்தியானக் கச்சேரிக்குத்தான் போறேன், ஏசிக்குக் கீழ நல்லாத் தூங்கறேன், வெளியில வந்து ‘தொண்டை சரியில்ல’ன்னு விமர்சனம் பண்றேன். எனக்கு என்ன தகுதி இருக்கு தேங்காய் கேக்க?

சரி, கிளம்பு, கமிட்டி மீட்டிங்குக்கு நேரமாச்சு. பாஸ் கீஸ் எதுவும் எனக்குக் கொண்டு வராதே, அதுவும் கணக்குல வரணும். என்ன, இந்த வருஷம் கேண்டீன்ல அசோகா அல்வா உண்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. அதுக்குக் காசு கொடுத்துடறேன்.